குளிர்காலம் முழுக்கப் பழம் நிற்கும் புதர்ச்செடி: ஒட்டாவா முன்வாசலுக்கு எது?

வெண்டைப்பூ (ஒட்டாவா, பார்ஹேவன்):
எல்லோருக்கும் வணக்கம். போன கோடையில் இந்த வீட்டுக்கு வந்தோம். டிரைவ்வேக்கும் வாசலுக்குப் போகும் நடைபாதைக்கும் நடுவில் 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மண் சும்மா கிடக்கிறது. வடகிழக்குப் பார்த்த இடம், மதியம் வரை வெயில் உண்டு. களிமண். பெருமழை பெய்தால் தண்ணீர் இரண்டு நாள் வடியாது.

கோடைக்குப் பூச்செடி நிறைய இருக்கிறது. எனக்கு வேண்டியது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஜன்னல் வழியே பார்க்க ஏதாவது. சிவப்புப் பழம் இருந்தால் ரொம்ப சந்தோஷம். வின்டர்பெர்ரி என்று ஒன்றைப் படத்தில் பார்த்து மயங்கிவிட்டேன். ஆனால் பின்தெருவில் ஒருவர் வீட்டில் அதே செடி நாலைந்து வருஷமாக நிற்கிறதாம், பூக்கிறதாம், ஒரு பழம்கூட வந்ததில்லையாம். ஏன்?

இன்னும் இரண்டு விஷயம். வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான், கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். வீட்டுக்காரரோ, நடுவதுதான் நடுகிறோம், சாப்பிடுகிற பழமாக நடலாமே என்கிறார்.

வடலி (மார்க்கம்):
தங்கச்சி, அந்த வீட்டில் ஒரு கன்றுதான் நிற்கும், அதுதான் காரணம். வின்டர்பெர்ரியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்கள் ஊர்ப் பனையைப் போலத்தான்: ஆண் பனையில் நுங்கு பார்க்க முடியாது, ஆணே இல்லாத வளவில் பெண் பனையையும் நம்ப முடியாது.

எது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஜூன் மாதம் இலைக்கும் தண்டுக்கும் நடுவில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ வரும். பூவின் நடுவில் பச்சையாக ஒரு குட்டி உருண்டை இருந்தால் பெண். மகரந்தத் தூளோடு நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் மட்டும் இருந்தால் ஆண். அவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ. பெண் என்றால் ஒரு ஆண் கன்று வாங்கி வைத்தால் சரி.

மண்புழு (ஒட்டாவா, க்ளெப்):
வடலி ஐயா சொன்னது சரி, ஆனால் "ஒரு ஆண் கன்று" என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் மறுபடியும் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். வின்டர்பெர்ரியில் முன்பூப்பு ரகங்கள், பின்பூப்பு ரகங்கள் என்று இரண்டு கூட்டம் உண்டு. ரெட் ஸ்ப்ரைட் முன்பூப்பு, அதற்கு ஜிம் டான்டி என்ற ஆண். வின்டர் ரெட் பின்பூப்பு, அதற்கு சதர்ன் ஜென்டில்மேன். ஜோடி மாறினால் ஆண் பூத்து உதிர்ந்த பிறகு பெண் பூக்கும், தேனீ வந்தும் பயனில்லை.

ஆணைக் கண்ணில் படுகிற இடத்தில் வைக்கத் தேவையில்லை. 15 மீட்டருக்குள் எங்கே இருந்தாலும் போதும், வீட்டின் பக்கவாட்டில் கூட. ஒரு ஆண் ஐந்தாறு பெண்களுக்குத் தாராளமாகப் போதும்.

உங்கள் இடத்துக்கு இந்தச் செடி பொருந்தும் என்றே நினைக்கிறேன். இயற்கையில் இது கிழக்குக் கனடாவின் சதுப்பு ஓரங்களில் வளர்வது. தண்ணீர் தேங்கும் களிமண்ணைக் கண்டு மற்றச் செடிகள் அழும், இது அழாது. வறட்சிதான் இதற்கு எதிரி: கோடையில் மண் வறண்டால் பிஞ்சு கொட்டிவிடும். ஒரே ஒரு நிபந்தனை, மண் அமிலத் தன்மையாக இருக்க வேண்டும். பி.எச். 7-ஐத் தாண்டினால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும், அது இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாததன் அடையாளம். வாங்குவதற்கு முன் மண் பரிசோதனை செய்யுங்கள். புதுக் குடியிருப்புகளில் கான்கிரீட் தூளும் சுண்ணாம்புக்கல் சல்லியும் மண்ணோடு கலந்து கிடக்கும், அதனால் சொல்கிறேன்.

ரகம் என்று கேட்டால், ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ரெட் ஸ்ப்ரைட்தான். ஒரு மீட்டர், மிஞ்சினால் 1.2 மீட்டர் உயரம், பழமும் பெரிது. வின்டர் ரெட் இரண்டரை மீட்டருக்கு எழும்பி நடைபாதையை மறைத்துவிடும்.

குளிர்தாங்கி (எட்மன்டன்):
ஒட்டாவாக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். இங்கே லேபலில் வின்டர்பெர்ரி மண்டலம் 3 வரை தாங்கும் என்று போட்டிருக்கும் (மண்டலம் என்பது குளிர்க் கணக்கு, எண் குறையக் குறையக் குளிர் கூடும்), குளிரைத் தாங்கவும் செய்யும், ஆனால் எங்கள் காரமண்ணிலும் வறண்ட காற்றிலும் இழுத்துக்கொண்டு கிடக்கும். எங்களுக்கு ஹைபுஷ் கிரான்பெர்ரிதான் ராஜா. பெயரில் கிரான்பெர்ரி இருந்தாலும் அது வைபர்னம் இனம், உண்மையான கிரான்பெர்ரிக்கு உறவே இல்லை. மண்டலம் 2. மே கடைசியிலோ ஜூனிலோ தட்டையான வெள்ளைப் பூங்கொத்து, இலையுதிர்காலத்தில் சிவப்பு இலை, அதற்குப் பிறகு கண்ணாடி மணி மாதிரிப் பழம். புளிப்பு அதிகம் என்பதால் பறவைகள் கடைசியில்தான் தொடும், மார்ச் வரை நிற்கும். சாப்பிடவும் செய்யலாம். உங்கள் வீட்டுக்காரர் ஜெல்லி போடட்டும். கொதிக்கும்போது வருகிற வாசனைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை, அழுக்குச் சாக்ஸ் அடுப்பில் ஏறியதோ என்று இருக்கும்.

வாங்கும்போது ஒன்று. பந்து பந்தாகப் பூக்கும் ஸ்னோபால் வைபர்னத்தை இதே வரிசையில் வைத்து விற்பார்கள். அதன் பூ முழுக்க மலட்டுப் பூ, பழமே வராது. குட்டையாக நெருக்கி வளரும் நேனம் ரகமும் காய்க்காது. வென்ட்வொர்த் நன்றாகக் காய்க்கும், ஆனால் மூன்று மீட்டர் போகும்.

மண்புழு (ஒட்டாவா, க்ளெப்):
எட்மன்டன் அண்ணா, நீங்கள் சொல்கிற செடி எனக்கும் பிடித்ததுதான். ஆனால் ஒட்டாவாவில் அதை நடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வைபர்னம் இலைவண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்தது, 1978-இல் இந்த ஒட்டாவா பகுதியிலேயே பெருகிச் செடிகளை மொட்டையடித்தது, அதற்குப் பிறகு போகவே இல்லை. மே மாதம் புழு, ஜூலையிலிருந்து வண்டு, ஒரே ஆண்டில் இரண்டு முறை இலையை வலைபோல் அரித்துவிடும். இரண்டு மூன்று வருஷம் இப்படித் தொடர்ந்தால் செடி செத்துப்போகும்.

ஏற்கெனவே வைபர்னம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது குளிர்காலத்தில். வண்டு இளங்குச்சியின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் குழி தோண்டி முட்டையிட்டு, மென்ற பட்டைத் தூளால் மூடி வைக்கும். இலை உதிர்ந்த பிறகு தையல் போட்ட மாதிரி அந்தப் புள்ளி வரிசை நன்றாகத் தெரியும். அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் அந்தக் குச்சிகளை மட்டும் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். மருந்து அடிப்பதை விட இது எத்தனையோ மேல். பொறுமை இருப்பவர்கள் நடலாம். கைக்குழந்தையோடு இருப்பவருக்கு இந்த வேலையை நான் கொடுக்க மாட்டேன்.

மாடித்தோட்டம் (மிசிசாகா):
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். பத்தாவது மாடி பால்கனியில் தொட்டியில் வின்டர்பெர்ரி வைக்கலாமா?

மண்புழு (ஒட்டாவா, க்ளெப்):
வைக்கலாம், ஆனால் கிளையை விட வேர் குளிருக்குப் பலவீனம். தரையில் பனியும் மண்ணும் வேரைப் போர்த்திவைக்கும், தொட்டியில் நாலு பக்கமும் காற்று. உங்கள் மண்டலத்தை விட இரண்டு எண் குறைவான ரகமாக வாங்குவது பொதுவான வழக்கம். தொட்டி பெரிதாக இருக்கட்டும், சுவரோரம் ஒதுக்குங்கள். ஆணும் பெண்ணுமாக இரண்டு தொட்டி வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பத்தாவது மாடிக்குத் தேனீ வருமா என்பது தனிக் கதை.

கூவக்கரை (வாட்டர்லூ):
இவ்வளவு சிரமம் எதற்கு? பார்பெரி வையுங்கள். முள் இருக்கிறது, முயல் தொடாது, சிவப்பு இலை, சிவப்புப் பழம், ஒரு செடி போதும்.

வடலி (மார்க்கம்):
தம்பி, பார்பெரி கனடாவில் லேசுப்பட்ட கதை இல்லை. கோதுமையின் தண்டுத் துருநோய்ப் பூஞ்சை வசந்தத்தில் பார்பெரி இலையில் தங்கித்தான் பெருகும். அதனால் 1966-இலிருந்து இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை. 2001-இல் நோய் தாங்கும் என்று சோதித்த சில ஜப்பான் பார்பெரி ரகங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள். பெயர் தெரியாத பழைய கன்றை யாரும் பதியன் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். அனுமதித்த ரகமும் காட்டுக்குள் பரவுகிறது, உண்ணி அதன் அடியில் குடியிருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை.

வெண்டைப்பூ (ஒட்டாவா, பார்ஹேவன்):
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. மண் பரிசோதனை செய்தேன், 6.4 என்று வந்தது.

வின்டர்பெர்ரி பழம் குழந்தைக்கு எவ்வளவு ஆபத்து? அப்புறம், இங்கே ஏற்கெனவே ஒரு செடி இருக்கிறது. வாசற்படிக்கு இடப்பக்கம், தட்டையான ஊசியிலை, கரும்பச்சை, குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது. செப்டம்பரில் சிவப்பாகச் சதைப்பிடிப்பான சின்னப் பழம் வந்தது. பழத்தின் முனை திறந்து உள்ளே கொட்டை தெரிகிறது. பழம் ஏற்கெனவே இருக்கிறதே, இதையே வளர்த்துவிடலாமா?

மண்புழு (ஒட்டாவா, க்ளெப்):
முதலில் இரண்டாவது கேள்வி. நீங்கள் வர்ணிப்பது யூ (yew) என்ற செடி. அந்தச் சிவப்புச் சதை மட்டும்தான் அதில் விஷமில்லாத பகுதி. உள்ளே இருக்கும் கொட்டை, இலை, பட்டை எல்லாவற்றிலும் டாக்சைன் (taxine) என்ற நஞ்சு, நேராக இதயத் துடிப்பைப் பாதிக்கும். கொட்டையை மெல்லாமல் விழுங்கினால் பெரும்பாலும் வெளியே போய்விடும், மென்றால் ஆபத்து. கனடாவில் பாதி வீட்டு வாசலில் இது வேலியாக நிற்கிறது, யாரும் சொல்வதில்லை. இரண்டு வயதுக் குழந்தை கைநீட்டும் உயரத்தில், வாசற்படிப் பக்கத்தில் என்றால் நான் இந்த வசந்தத்திலேயே எடுத்துவிடுவேன். எடுக்க முடியாவிட்டால் பழம் பிடிக்கும் கிளைகளைக் கோடை கடைசியில் வெட்டிவிடுங்கள்.

வின்டர்பெர்ரி அந்த ரகமில்லை. ஒன்றிரண்டு பழம் வாய்க்குப் போனால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, கூடினால் வாந்தி, வயிற்றுப்போக்கு. நல்லது என்று சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் ஒன்ராறியோ விஷ மையத்தைக் கூப்பிடுங்கள், எந்தச் செடி என்று பெயர் சொன்னால் அவர்களுக்கு வேலை சுலபம். அதனால் லேபலைத் தூக்கி எறியாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லில்லி ஆஃப் தி வேலி நிழல் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் சிவப்புப் பழமும் இதயத்துக்குக் கெடுதல்.

செர்ரித்தக்காளி (கால்கரி):
யூ பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அம்மா வீட்டில் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

சாப்பிடுகிற பழம் என்றால் என் ஓட்டு சாஸ்கட்டூன் பெர்ரிக்கு. மே மாதம் வெள்ளைப் பூ, ஜூலையில் கருநீலப் பழம், இலையுதிர்காலத்தில் ஆரஞ்சு இலை. ஒரு செடியே காய்க்கும், ஜோடி தேடத் தேவையில்லை. சாஸ்கட்டூன் நகரத்துக்கே க்ரீ மொழியில் இந்தப் பழத்துக்குள்ள பெயர்தான். பழங்குடி மக்கள் காயவைத்த காட்டெருமை இறைச்சியோடும் கொழுப்போடும் சேர்த்து இடித்துப் பெமிக்கன் செய்தது இதை வைத்துத்தான். பக்கத்தில் ஜூனிபர் மட்டும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே துருநோய் போய்வரும்.

ஹாஸ்கப் என்ற பழச்செடியும் நல்லது.

குளிர்தாங்கி (எட்மன்டன்):
ஹாஸ்கப் பழம் அருமை, செடி அழகு இல்லை என்பது என் கருத்து. சாஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் பாப் போர்ஸ் குழு 2007-இல் டன்ட்ரா, பொரியாலிஸ், இண்டிகோ ஜெம் என்று மூன்று ரகம் வெளியிட்டார்கள். பூத்த பிறகு மைனஸ் 7 உறைபனி அடித்தாலும் பூ கருகாது, அதைப் பார்த்தால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் அந்த மூன்றும் உடன்பிறப்புகள், ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுத்து உதவாது. அரோரா மாதிரி வேறு ரகம் ஒன்று கூட வேண்டும். பழமோ இலைக்கு அடியில் ஒளிந்து, ஜூலைக்குள் முடிந்துவிடும், ஆகஸ்டில் இலை காய்ந்து பழுப்பாகும். பின்பக்கம் வையுங்கள், ஜன்னலுக்கு நேரே வேண்டாம்.

கூவக்கரை (வாட்டர்லூ):
சரி, பார்பெரியை விட்டுவிடுகிறேன். மவுன்டன் ஆஷ்?

குளிர்தாங்கி (எட்மன்டன்):
அது மரமாகிவிடும், 6 மீட்டர் இடத்துக்குப் பெரிது. இடம் இருந்தால் நடலாம், ஆரஞ்சுக் குலை அப்படி ஒரு நிறம். ஆனால் யாருக்காக நடுகிறோம் என்று தெரிந்து நட வேண்டும். ஜனவரியில் ஒரு நாள் வேக்ஸ்விங் பறவைக் கூட்டம் வந்து இறங்கும், சாயந்திரத்துக்குள் மரம் காலி. உறைந்து இளகி மறுபடி உறைந்த பழம் புளித்துச் சாராயமாகிவிட்டால் இன்னும் வேடிக்கை. 2014-இல் யூக்கானின் வைட்ஹார்ஸில் போதை ஏறி ஜன்னலில் முட்டிய வேக்ஸ்விங்குகளைச் சின்னக் கூண்டில் வைத்துத் தெளியவிட்டார்கள், செய்தியில் எல்லாம் வந்தது. எனக்குப் பறவை வந்தால் திருப்தி. ஏப்ரல் வரை பழம் நிற்க வேண்டும் என்பவருக்கு இது இல்லை.

வெண்டைப்பூ (ஒட்டாவா, பார்ஹேவன்):
அப்படியானால் வின்டர்பெர்ரியும் பறவைக்குப் போய்விடுமா?

மண்புழு (ஒட்டாவா, க்ளெப்):
போகும், எப்போது என்பதுதான் கேள்வி. ராபின் கூட்டம் ஒன்று இங்கேயே குளிர்காலத்தைக் கழித்தால் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடியலாம், சில வருஷம் பிப்ரவரி வரை நிற்கும். வலை போடாதீர்கள், அசிங்கமாக இருக்கும், பறவையும் மாட்டிக்கொள்ளும். கலந்து நடுங்கள், அதுதான் வழி. ரெட் ஸ்ப்ரைட் முடிந்தாலும் அரோனியாவின் கருப்புப் பழம் திராட்சை வற்றல் போலச் சுருங்கித் தொங்கும். அரோனியா உங்கள் வீட்டுக்காரருக்கும் ஆகும். பச்சையாகத் தின்றால் நாக்கை இழுத்துப்பிடிக்கும் துவர்ப்பு, ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் குறையும். அதுவும் தனிச்செடியாகக் காய்க்கும், ஈரக் களிமண்ணைப் பொறுக்கும்.

ஒன்று செய்யுங்கள். எக்ஸ்பெரிமென்டல் ஃபார்ம் வளாகத்தில் இருக்கும் டொமினியன் ஆர்போரேட்டத்துக்கு ஜனவரியில் ஒரு ஞாயிறு போய்வாருங்கள், கட்டணம் இல்லை. 1889-இல் ஆரம்பித்தது, எந்தச் செடி ஒட்டாவாக் குளிரைத் தாங்கும் என்று பார்க்கவே நட்டுவைத்த இடம். மே மாத நர்சரியில் எல்லாச் செடியும் ஒரே மாதிரித்தான் சிரிக்கும். ஜனவரியில் எதில் பழம் மிச்சமிருக்கிறதோ அதன் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

லேபலில் மண்டல எண் பார்க்கும்போது அது அமெரிக்கக் கணக்கா கனடாக் கணக்கா என்றும் பாருங்கள். அமெரிக்க வரைபடம் குளிர்காலத்தின் கடுங்குளிரை மட்டும் பார்க்கும். கனடா வரைபடம் பனி ஆழம், காற்று, உறைபனி இல்லாத காலம், மழை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. ஒரே ஊருக்கு இரண்டு எண் வரும்.

செர்ரித்தக்காளி (கால்கரி):
அந்த எண்ணிலும் எங்கள் சினூக் காற்று முழுசாக அடங்காது! ஜனவரி மத்தியில் சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறி, போர்த்தியிருந்த பனி எல்லாம் உருகி, மறுநாள் மறுபடி மைனஸ் 20. செடி குளிரில் சாவதில்லை, இந்த ஊஞ்சலில்தான் சாகிறது. தரை உறைந்த பிறகு மரப்பட்டைத் தூள் போட்டு மூடுகிறோம், சூடேற்ற இல்லை, உறைந்தது உறைந்தபடி இருக்கட்டும் என்று.

வடலி (மார்க்கம்):
தங்கச்சி, ஒருவரும் சொல்லாத சாதா விஷயங்கள் சில.

தோண்டுமுன் ஒன்ராறியோ ஒன் கால் சேவைக்குச் சொல்லுங்கோ. வந்து காஸ், மின்சாரக் கம்பி போகும் இடத்தில் கோடு போட்டுத் தருவார்கள். இலவசம், சட்டப்படி கட்டாயமும் கூட. முன்வாசல் மண்ணுக்குக் கீழேதான் எல்லாம் ஓடும்.

டிரைவ்வே பனியை எந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள் என்று யோசியுங்கள். அந்தக் குவியலின் கீழே ரெட் ஸ்ப்ரைட் நின்றால் கிளை ஒடியும், உப்பும் சேரும். தெருவுக்குக் கிட்ட உள்ள கடைசி ஒரு மீட்டரில் ருகோசா ரோசாவை நடுங்கோ. உப்புக்கு அசையாது, அதன் பழமும் சிவப்பு, வைட்டமின் சி நிறைய. ஒற்றை இதழ் ரகமாகப் பாருங்கள், அடுக்கு இதழ் ரகங்கள் பலதில் பழம் பிடிக்காது.

முயலுக்குக் கம்பிவலை. பனி எவ்வளவு உயரம் குவியுமோ அதற்கும் மேல் அரை மீட்டர் வலை நிற்க வேண்டும். முயல் பனியின் மேல் ஏறி நின்று மேற்கிளையைக் கடிக்கும். பனிக்குக் கீழே எலி மாதிரி வோல் வந்து அடிப்பட்டையைச் சுற்றிக் கொறித்துவிடும், அதற்கு 6 மில்லிமீட்டர் கண் உள்ள வலையைக் கொஞ்சம் மண்ணுக்குள்ளும் இறக்கிப் பதிக்க வேண்டும்.

கடைசியாகக் கத்தரிக்கோல். இலையுதிர்காலத்தில் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று எல்லாச் செடியையும் பந்து போல வெட்டிவிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். வைபர்னம், அரோனியா, சாஸ்கட்டூன் எல்லாம் அடுத்த வருஷப் பூமொட்டை முந்தின கோடையிலேயே கட்டிவிடும். அக்டோபரில் வெட்டினால் பழத்தைத்தான் வெட்டுகிறோம்.

மண்புழு (ஒட்டாவா, க்ளெப்):
வடலி ஐயாவின் கடைசிப் பத்தியை இந்தப் பகுதியின் முகப்பில் ஒட்டிவைக்க வேண்டும். "பூ வருகிறது, பழம் இல்லை" என்றால் ஜோடியைப் பார்ப்பேன். "பூவே இல்லை" என்று வரும் கேள்விகளில் முக்கால்வாசி கத்தரிக்கோல்தான். வயதான செடியில் மட்டும் வசந்த ஆரம்பத்தில் ஆகப் பழைய தண்டுகளில் மூன்றில் ஒன்றை அடியோடு எடுக்கலாம், நுனியைச் சீவத் தேவையில்லை.

வெண்டைப்பூ (ஒட்டாவா, பார்ஹேவன்):
நேற்று யூவை எடுத்தாயிற்று, வீட்டுக்காரரின் முதுகு போச்சு. மூன்று ரெட் ஸ்ப்ரைட், அந்த யூ இருந்த இடத்தில் ஒரு அரோனியா, தெரு முனையில் ருகோசா, பின்பக்கம் வேலியோரம் சாஸ்கட்டூன் இரண்டு. இதுதான் முடிவு. ஒன் கால் ஆட்கள் வந்து கோடு போட்டுவிட்டார்கள், காஸ் லைன் நான் நினைத்த இடத்தில் இல்லை!

கடையில் ரெட் ஸ்ப்ரைட் இருக்கிறது, ஜிம் டான்டி தீர்ந்துவிட்டதாம். சதர்ன் ஜென்டில்மேன் இருக்கிறது, ஆண்தானே, எல்லாம் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். எடுத்துக்கொள்ளட்டுமா?

மண்புழு (ஒட்டாவா, க்ளெப்):
வேண்டாம். பெண் செடிகளை இப்போது நடுங்கள், ஜிம் டான்டிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாருங்கள். அதைச் செப்டம்பர் நடுவுக்குள் நட்டால் தரை உறைவதற்குள் வேர் பிடித்துவிடும். இந்த வருஷம் பழம் வராது, அடுத்த ஜூனுக்கு ஆண் தயாராக இருக்கும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை அடிவரை நனையத் தண்ணீர் விடுங்கள்.

வடலி (மார்க்கம்):
அந்தப் பின்தெருக்காரரிடமும் கேளுங்கோ. அவருடையது ஆணாக இருந்து, ரகமும் ஜிம் டான்டியாக இருந்தால், ஒரு ரெட் ஸ்ப்ரைட்டை அவர் வாங்கட்டும்.